நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் கர்ப்பப்பையில் காசநோய் வருமா, இருமல்கூட இல்லாமல்?

வரும். எனக்கு வந்தது. ஒரு நாள்கூட இருமவில்லை, மார்பு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது.

எனக்கு ஏழு வருடமாக முடக்குவாதம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளான ஸ்டீராய்டு, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அடங்காததால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் ஊசியை ஆரம்பித்தார்கள். விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கிய சந்தோஷத்தில் மற்றது எதையும் நான் கவனிக்கவில்லை. ஆறாவது மாதம் மாதவிலக்கு குறைந்தது. ஐந்து நாள் வருவது ஒரு நாள் கறையோடு நின்றது, அப்புறம் அதுவும் இல்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. ஒரு கல்யாண வீட்டில் தூரத்து அத்தை ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, விசேஷமா?" என்றார். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற வரை குழந்தையே வேண்டாம் என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிறோம் என்பதைப் பந்தியில் உட்கார்ந்து விளக்கவா முடியும்?

ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர், சினைப்பை ஓரமாக ஒரு கட்டி. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை 35-க்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு 480. முதலில் போன மருத்துவமனையில் சினைப்பைப் புற்றுநோய் என்றே பேசி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுக்கத் தேதியும் குறித்துவிட்டார்கள். வயிற்றுக் காசநோயிலும் அந்த எண் இப்படி எகிறும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள், 'சாதாரண அழற்சி' என்று ரிப்போர்ட் வந்தது. துணுக்கு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அதற்குப் பிறகு கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வழியே இல்லை.

ஆபரேஷனுக்கு முன் ஒரு வார்த்தை கேட்போமே என்று மூட்டு டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?" அம்மா முந்திக்கொண்டு, "சேச்சே, எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது டாக்டர்" என்றார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மெல்ல, "உன் சின்ன மாமாவுக்கு இருந்துச்சு. நீ அப்ப ரெண்டாங்கிளாஸ். எப்பவும் அவன் மடியிலதான் கிடப்ப" என்றார். நான் லிஃப்டில் ஏறாமல் திரும்பப் போய் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் விளக்கியது இதுதான். சின்ன வயதில் நுரையீரலுக்குள் நுழைந்த கிருமி ரத்தத்தோடு போய்க் கருக்குழாயில் தங்கிவிடலாம். பெண் உறுப்புகளில் வரும் காசநோய் பெரும்பாலும் இப்படி வேறிடத்திலிருந்து வருவதுதான். கிட்டத்தட்ட எல்லோருக்கும் குழாய் பாதிக்கப்படுகிறது, பாதிப் பேருக்கு மேல் கர்ப்பப்பைச் சவ்வும். உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றிச் செல்களால் ஒரு சுவர் கட்டி வருடக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும். அந்தச் சுவருக்குச் சாந்து மாதிரி இருப்பது டிஎன்எஃப் என்ற பொருள். என் ஊசியின் வேலையே அந்தச் சாந்தைத் தடுப்பதுதான். எச்ஐவி, சிறுநீரக மாற்று, டயாலிசிஸ், கட்டுக்கடங்காத சர்க்கரை என்று ஒவ்வொன்றிலும் சுவர் வேறு வேறு விதத்தில் இளகுகிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல்: பரிசோதனைகளும் ஏமாற்றும். அடாலிமுமாப் தொடங்கும் முன் எனக்கு மாண்டூ (டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று கையில் ஊசி குத்திப் பார்ப்பது) செய்தார்கள், கை தடிக்கவே இல்லை. தடிப்பதற்கும் எதிர்ப்பு சக்தி வேண்டுமே! ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் அந்தச் சுவர் அரைகுறையாகத்தான் தெரியுமாம், அதனால்தான் 'சாதாரண அழற்சி'.

அடுத்து லேப்ராஸ்கோப்பி, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது. வீடியோவை எனக்குக் காட்டினார்கள். வயிற்றுச் சவ்வு முழுக்க ரவையைத் தூவி விட்டதுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இந்த முறை துணுக்கை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃபார்மலினிலும் மற்றதைச் சலைனிலும் போட்டார்கள். சலைனில் போனதில் மறுநாளே சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பாசிட்டிவ். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்துக்குக் கட்டுப்படும் வகை. கர்ப்பப்பையை எடுக்கிற பேச்சு அன்றோடு முடிந்தது. உங்களுக்குத் துணுக்கு எடுக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே கேளுங்கள்: "டிபி கல்ச்சருக்குச் சலைனில் தனியாக அனுப்புகிறீர்களா?" கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர்களும் உண்டு, பரவாயில்லை. வேறு எந்த அறிகுறியும் இல்லாமல், வெறும் பிசிஆர் (இதுவும் மரபணுவைத் தேடும் பரிசோதனைதான்) பாசிட்டிவ் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆறு மாத மருந்தை ஆரம்பிக்கச் சொன்னால், அதையும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

அடாலிமுமாப், மெத்தோட்ரெக்சேட் இரண்டையும் நிறுத்தினார்கள். காசநோய் மருந்து அரசில் இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். நான் பயந்தது வேறொன்றுக்கு. மூன்றாவது வாரம் முழங்கால் இரண்டும் வீங்கிக் கழிவறையிலிருந்து எழ முடியவில்லை. ஊசி நின்றது ஒரு காரணம். இன்னொன்று, ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைச் சீக்கிரமே கரைத்து வெளியேற்றிவிடுகிறது. அளவை ஏற்றிய பிறகுதான் நடக்க முடிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான டாக்ரோலிமஸ், எச்ஐவிக்கான டோலுடெக்ராவிர், கருத்தடை மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எனவே காசநோய் மருந்து தருபவரிடம் உங்கள் பழைய மாத்திரைச் சீட்டை அப்படியே நீட்டுங்கள்.

வீட்டில் அம்மா எனக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்தார். நுரையீரல் காசநோய்க்கே வீட்டிலிருந்து மருந்து சாப்பிடலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகப் பரவுவதில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே 1950-களின் கடைசியில் நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். எனக்கோ நுரையீரலில் ஒன்றுமே இல்லை. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு நாள் என் கணவர் அந்த டம்ளரிலேயே காபி குடித்தார், அதோடு அம்மா விட்டுவிட்டார்.

மருந்து முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மாதவிலக்கு மூன்று நாள் வருகிறது. சாயம் விட்டு எடுத்த எக்ஸ்ரேயில் குழாய் இரண்டும் அடைப்பு. மருந்து கிருமியைக் கொன்றது, தழும்பு அப்படியே நின்றுவிட்டது. உள்சவ்வு நன்றாக இருப்பதால் ஐவிஎஃப் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். நடுவில் மறுபடி ஆரம்பித்திருந்த மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி மூன்று மாதமாவது போக வேண்டுமாம். போன வாரம்தான் நிறுத்தினேன்.