ஆகஸ்டுக்கு முன் செய்ய வேண்டியது

அம்மா, போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து உங்கள் அண்ணன் மகனை அழைத்து வந்தபோது, ஒன்பது ஆண்டுகளாகக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளை ஆகஸ்டில் பதினெட்டு முடிந்து வெளியே வந்தால் எங்கே தங்குவான், யார் படிக்க வைப்பார்கள் என்று கேட்டுக் கண்கலங்கினீர்கள். ஆறுதல் சொல்வதைவிட உங்கள் கணவரின் யோசனையை மறுப்பதே முதல் வேலை என்று எனக்குப் படுகிறது.

‘ஹோமில் வளர்ந்தவன் என்ற பேச்சு போக வேண்டுமானால் என்ஜினீயர் ஆக வேண்டும்’ என்று சொல்லி, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு வட்டிக்குப் பணம் கேட்டு வைத்திருக்கிறார். ஊர் வாயை மூடுவதற்காக, பீடி சுற்றும் உங்கள் கையில் நான்கு ஆண்டுக் கடனைச் சுமத்த நான் சம்மதிக்க மாட்டேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவனுக்குக் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் அது கிடையாது. அதைவிடப் பெரிய தடை, அவனுக்கே அதில் நாட்டமில்லை என்பது. மாமா பேசிய அரை மணி நேரமும் தலைகுனிந்திருந்தவன், இல்லத்து மிக்ஸியைச் சரிசெய்ததைப் பற்றிக் கேட்டதும், கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருந்தது என்று கட்டைவிரல் நகத்தை நீட்டிக் காட்டினான்.

திருநெல்வேலி பேட்டையில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு ஆண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்தபின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதால், மாமாவின் ஆசைக்கும் வழி அடைபடவில்லை.

தங்குமிடத்துக்கு யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று பிற்காப்பு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு 21 வயது வரை உதவி பெற வழி செய்கிறது. தனிச் சூழ்நிலைகளில் 23 வரை நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழுக் குடியிருப்பு, தொழிற்பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை, ஆலோசனை எல்லாம் 2016 மாதிரி விதிகளிலேயே இருக்கின்றன. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். இது தானாக வந்து சேராது. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவனுக்கான திட்டத்தை இல்லத்தின் சமூகப் பணியாளரோ நன்னடத்தை அலுவலரோ தயாரித்து, குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆகஸ்டு என்றால் ஜூனிலேயே. ஐடிஐ விண்ணப்பமும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான் வரும். இரண்டுக்கும் சேர்த்தே அலையுங்கள்.

ஆகவே இந்த வாரமே இல்லத்துக்குப் போய், திட்டம் எழுதியாயிற்றா என்று கேளுங்கள்; பையனையும் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் எங்கே யாருடன் தங்குவது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு அவன் பெயரிலேயே இருக்கட்டும், மாமா பெயர் வேண்டாம். ஆதாரில் இல்லத்தின் முகவரிதான் இருக்கும். வெளியேறிய பிறகு தபால்கள் அங்கேயே போய்க் கிடக்கும் என்பதால், உங்கள் வீட்டு முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பிற்காப்பு உதவியைக் கவனிக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இழுத்தடித்தால், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.