எலிக்சிர் ப்ரோக்ராமிங் மொழியில 'காண்ட்' தப்பான கிளைக்குள்ள போகுது, எப்படி டீபக் பண்றது?

'காண்ட்'ங்கறது மேலேர்ந்து ஒவ்வொரு கண்டிஷனா பார்த்து, முதல்ல சேர்ற கிளைக்குள்ள போறது. உங்க 'காண்ட்' சரியாத்தான் இருக்கும், உள்ள வர்ற மதிப்புதான் 'நில்'லா, அதாவது மதிப்பே இல்லாம, வருதுன்னு நினைக்கிறேன். இதே இடத்துல ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்தவன் நான், அதான் எழுதறேன்.

எங்க ஆப்ல டெலிவரி சார்ஜுக்கு மூணே கிளை. மொத்தம் 1000 இல்ல அதுக்கு மேலன்னா இலவசம், 500-லேர்ந்து 30 ரூபா, கடைசில, எதுவும் சேரலைன்னா வந்து விழறதுக்கு, 'ட்ரூ' போட்டு 60 ரூபா. ஆனா 180 ரூபாய்க்கு வாங்கினவங்க சிலருக்கும் இலவசம்னு போயிட்டிருந்துச்சு. 499, 500, 999, 1000 எல்லாம் போட்டுப் பார்த்தேன், எல்லா டெஸ்டும் பாஸ். மதிப்பு வரலைன்னா எந்தக் கண்டிஷனும் சேராது, கடைசிக் கிளையில 60 ரூபா விழும்னு ஒரு நம்பிக்கை, அதனால முதல் கிளையைச் சந்தேகப்படவே இல்ல.

ரெண்டாவது ராத்திரிதான் 'காண்ட்'டுக்கு மேல மதிப்பை அப்படியே பிரிண்ட் பண்ற ஐஓ.இன்ஸ்பெக்ட் ஒரு வரி, லேபிளோட போட்டேன். "மொத்தம்: நில்". உடனே எலிக்சிரோட ஷெல் ஐஇஎக்ஸ்ல 'நில் >= 1000'னு அடிச்சேன், 'ட்ரூ'ன்னு வருது!

எலிக்சிருக்கு அடியில இருக்கற எர்லாங் மொழியிலேர்ந்து வந்த வழக்கம் இது. எந்த டைப்பையும் எந்த டைப்போடயும் ஒப்பிடலாம், எர்ரர் வராது. அந்த வரிசையில எண்தான் எல்லாத்துக்கும் கீழ, அதுக்கு அடுத்தது ஆட்டம் (பேரே மதிப்பா இருக்கற) டைப், 'நில்'லும் ஒரு ஆட்டம்தான். அதனால எவ்ளோ பெரிய எண்ணா இருந்தாலும் 'நில்' அதைவிடப் பெருசு. காலாவதியான கூப்பன்னா எங்களுக்கு வர்ற ஜேசன் டேட்டாவுல மொத்தத்துக்கான கீயே இருக்காது, மேப்ல இல்லாத கீயை சதுர அடைப்புல கேட்டா சத்தமில்லாம 'நில்'லைத் தந்துடும்.

ஃபங்ஷன் தலையிலயே 'வென் இஸ்_நம்பர்'னு, எண்ணா இருந்தாத்தான் உள்ள விடற கார்ட் வச்சேன். இப்ப 'நில்' வந்தா ஃபங்ஷன்கிளாஸ்எர்ரர்னு அங்கயே விழுந்துடும், தப்பான பில் போகாது.

கோடை ஓட்டாமலே டைப் தப்பைத் தேடற டயலைசர் ஓட்டியிருந்தா பிடிச்சிருக்கும்னு சிலர் சொல்வீங்க. ஓட்டினோம்ங்க, வெளியிலேர்ந்து ரன்டைம்ல வர்ற ஜேசனுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மொழியையும் குறை சொல்லாதீங்க, கலந்து கிடக்கற லிஸ்ட்டையும் சார்ட் பண்ண முடியறது இந்த வரிசையாலதான். எனக்கு ஆத்திரம் வேற விஷயத்துல. கீயைச் சொல்லாம எடுத்தது வேற டீம், ரேட்டிங்ல பக் ஏறினது என் பேர்ல. ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணினதுக்கு காம்ப் ஆஃப் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

எலிக்சிர் 1.14 இல்ல அதுக்கு மேல இருந்தா 'காண்ட்'டை அப்படியே, மதிப்பைப் பிரிண்ட் பண்ணிக் காட்டற 'டிபிஜி'க்குள்ள போட்டு ஓட்டுங்க, என்ன பிரிண்ட் ஆகுதுன்னு கீழ போடுங்க, பார்க்கறேன்.