குடும்பத்தில் யாரும் கேட்காத கணக்கு

கேள்வி: சித்தப்பா காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் உயிலில் நிறைவேற்றுநர் பெயர் இல்லை. அத்தைகள் இருவருக்கும் தலா ஒரு தொகை, மீதியெல்லாம் எனக்கு என்று எழுதியிருந்தார். நான் மனுப் போட்டு, நான்கு மாதத்துக்கு முன் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரப் பத்திரம், வாங்கினேன். ஒரு வங்கி டெபாசிட், சின்ன வீடு, அவர் கைமாற்றாகக் கொடுத்த பணம், அவ்வளவுதான் சொத்து. வீட்டில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கோர்ட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: ஆமாம், கொடுத்தே ஆக வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 317-வது பிரிவு சின்னச் சொத்து, பெரிய சொத்து என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதிகாரம் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்யச் சொல்கிறது. பட்டியலுக்கு உங்களிடம் இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. முடியாது என்று தோன்றினால் கெடு தாண்டும் முன்பே அவகாசம் கேளுங்கள். கோர்ட் நீட்டிக்கலாம்.

பட்டியலில் பலரும் விட்டுவிடுவது கைமாற்றுப் பணத்தைத்தான். 'அது எங்கே வரப்போகிறது' என்று நினைத்தாலும் எழுதத்தான் வேண்டும். கைமாற்றுக்கும் புரோநோட்டுக்கும் வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் காலக்கெடு. உங்கள் அசட்டையால் அது காலாவதியானால், அந்த நஷ்டத்துக்கு நீங்கள்தான் கைப்பணத்திலிருந்து பொறுப்பு.

அப்புறம் கணக்கு. வீட்டுச் செலவு நோட்டு மாதிரி இதை எழுத முடியாது. பட்டியலில் காட்டியது, அதோடு பிறகு வந்த வட்டி, வாடகை, இதில் கொடுத்ததைக் கழித்தால் கையில் இருப்பது வர வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கேள்வி வரும். கைமாற்று வசூலானால் அதைப் புது வரவாகச் சேர்க்காதீர்கள். பட்டியலில் இருந்த கடன் ரொக்கமாக மாறியிருக்கிறது, அவ்வளவே. அது தெரியாமல் ஒரே தொகையை இரண்டு முறை காட்டிவிட்டு, மீதி எங்கே என்று முழிப்பவர்கள் உண்டு.

இன்றைக்கே செய்ய வேண்டியது, இதற்கென்று தனி வங்கிக் கணக்கு. சொந்தப் பணமும் சித்தப்பா பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், நேர்மையாக நடந்தவரால்கூட அதை நிரூபிக்க முடிவதில்லை. என்னைக் கேட்டால் பாதித் தகராறுக்கு இந்தக் கலப்புதான் காரணம்.

பணம் கொடுப்பதிலும் வரிசை உண்டு. முதலில் நியாயமான அளவில் இறுதிச் சடங்குச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும். நீங்கள் கைப்பணம் போட்டிருந்தால், ரசீதோடு இதில் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து கோர்ட் செலவு. அதன்பின் வேலைக்காரர்களுக்குச் சித்தப்பா இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வைத்த சம்பள பாக்கி. அப்புறம்தான் மற்ற கடன்கள். அத்தைகள் பங்கு இவை எல்லாவற்றுக்கும் பிறகே. பணம் போதாவிட்டால் ஈடு இல்லாத கடன்களை விகிதப்படி பிரிக்க வேண்டும். கையில் 4 லட்சம், கடன் ஒருவருக்கு 6 லட்சம், இன்னொருவருக்கு 2 லட்சம் என்றால், 3 லட்சமும் 1 லட்சமும். வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுத்து அனுப்புவது வேலைக்கு ஆகாது.

அத்தைகளுக்குக் கொடுக்க வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால், 307-வது பிரிவின்படி முதலில் கோர்ட் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால், சொத்தில் அக்கறை உள்ள வேறு யாரும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

தகுந்த காரணமில்லாமல் வேண்டுமென்றே கணக்குத் தராமல் இருந்தால் உங்கள் அதிகாரமே ரத்தாகலாம். தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுத்தால் அது பொய்ச்சாட்சிக் குற்றம்.

அத்தைகளிடம் பணம் கொடுக்கும்போது ரசீது கேட்கக் கூச்சப்படாதீர்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.