ஸ்காட்லாந்து ஏன் தனிநாடு கேட்கிறது? கிளாஸ்கோவிலிருந்து பதில்கள்

நான் கிளாஸ்கோ வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறும் சமகால அரசியலும் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்காட்லாந்து பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவர், மதுரை: அக்கா, இங்கிலாந்து, பிரிட்டன், யுனைடெட் கிங்டம் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் இருக்கும் தீவு பிரிட்டன். வட அயர்லாந்தையும் சேர்த்தால் யுனைடெட் கிங்டம். ஐ.நா.வில் இருக்கை இந்தக் கடைசிப் பெயரில்தான். கால்பந்து உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்து தனி அணியாகப் போகும். ஒலிம்பிக்ஸுக்கு எல்லோரும் பிரிட்டன் என்ற பெயரில் சேர்ந்து போவார்கள். இங்கே ஒருவரிடம் "நீங்க இங்கிலீஷா?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். வந்த புதிதில் ஒரு தடவை கேட்டுவிட்டு நான் பட்ட சங்கடம் இன்னும் மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: இங்கிலாந்து படையெடுத்துப் பிடித்த நாடுதானே ஸ்காட்லாந்து? நாம் வெள்ளையனிடம் கேட்ட விடுதலை மாதிரிதானே இதுவும்?

ஐயா, படையெடுப்பு நடந்தது உண்மை. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வந்து, ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடும் கல்லையே பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்தக் கல் முறைப்படி திரும்பி வந்தது 1996இல்தான். ஆனால் அந்தப் போரில் ஸ்காட்லாந்து வீழ்ந்துவிடவில்லை. 1314இல் பேனக்பர்னில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஜெயித்தார். 1603இல் கதை தலைகீழாகவே ஆனது. முதலாம் எலிசபெத் வாரிசில்லாமல் இறந்ததும் ஸ்காட்லாந்தின் ராஜா ஆறாம் ஜேம்ஸ்தான் லண்டனுக்குப் போய் இங்கிலாந்துக்கும் முடிசூடிக்கொண்டார். ராஜா ஒருவர், நாடாளுமன்றம் இரண்டு என்று நூறு வருஷம் ஓடியது.

நாடாளுமன்றங்கள் ஒன்றானது 1707இல். அதற்குப் பின்னால் பணக்கதை ஒன்று இருக்கிறது. 1698இல் பனாமாவின் டேரியன் கரையில் குடியேற்றம் அமைக்க ஸ்காட்லாந்து கப்பல் அனுப்பியது. பிரபுக்களும் வணிகர்களும் கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆட்கள் செத்தார்கள், ஸ்பெயின்காரர்கள் முற்றுகையிட்டார்கள், 1700இல் எல்லாம் முடிந்தது. இணைப்பு ஒப்பந்தத்தில் லண்டன் ஸ்காட்லாந்துக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 3,98,085 பவுண்ட். அதில் ஒரு பெரும்பங்கு டேரியனில் பணம் போட்டவர்களுக்கு ஈடாகப் போனது. தலைநகர் எடின்பரோவின் தெருக்களில் கலவரம் நடந்தது. மக்களை யாரும் கேட்கவில்லை. அன்று ஓட்டு என்பதே சில ஆயிரம் பேருக்குத்தான்.

ஆனாலும் ஸ்காட்லாந்து மூன்றை விட்டுக்கொடுக்கவில்லை: தன் சட்டம், தன் திருச்சபை, தன் கல்விமுறை. இன்றைக்கும் என் மாணவர்கள் எழுதுவது 'ஹையர்' தேர்வு, எல்லைக்குத் தெற்கே எழுதுவது 'ஏ லெவல்'. ஆகவே இதை இந்தியாவோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. நம்மோடு யாரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. அதோடு, நம்மை ஆண்டவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வாசகி, சென்னை: 'பிரிட்டிஷ்' என்ற உணர்வு எப்படி உண்டானது? இப்போது ஏன் தேய்கிறது?

உங்கள் ஊரிலேயே ஆரம்பிக்கலாம். தீவுத்திடல் அருகே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். தென்னிந்தியா முழுக்கச் சுவடிகளும் கல்வெட்டுகளும் திரட்டிய காலின் மெக்கன்சி, வடக்குக் கோடியில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேக்காரர். எழும்பூரில் 1821இல் கட்டிய புனித ஆண்ட்ரூ கோயிலை 'கிர்க்' என்பார்கள். அது ஸ்காட்லாந்தில் தேவாலயத்துக்கான சொல். இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிகன் சபையின் கோயில் இருந்தும் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்கென்று தனிக்கோயில் எழுப்பிக்கொண்டார்கள். கம்பெனி வேலையில் பிரிட்டிஷ், கும்பிடும் இடத்தில் ஸ்காட்டிஷ். இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருந்தன, ஏனென்றால் பேரரசில் எல்லோருக்கும் வேலை இருந்தது. பிரான்சோடு தொடர்ந்து போர், புராட்டஸ்டண்ட் சமயம், இரண்டு உலகப் போர்கள், 1948இல் வந்த இலவச மருத்துவச் சேவை எல்லாம் அந்த உணர்வுக்கு உரம்போட்டன.

பேரரசு போயிற்று. கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் தளங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1992இல் ரேவன்ஸ்கிரெய்க் இரும்பாலை மூடியது. தலைக்கு இவ்வளவு என்று விதித்த 'போல் டேக்ஸ்' வரியைத் தாட்சர் அரசு இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்பே, 1989இல், இங்கே கொண்டுவந்தது. "நாங்கள் ஓட்டுப் போடாத கட்சி எங்களை ஆள்கிறது" என்ற பேச்சு அந்தக் காலத்தில்தான் வீட்டுப் பேச்சானது. 1997 தேர்தலில் ஸ்காட்லாந்திலிருந்து தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சிக்காரர் ஒருவர்கூட எம்.பி.யாக ஜெயிக்கவில்லை. அதே வருஷம் தனிச் சட்டமன்றம் வேண்டும் என்று 74.3 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 1999இல் அது கூடியது.

வாசகர், கோவை: மொழிதான் காரணமா? கேலிக் மொழிக்காகப் போராடுகிறார்களா?

நம் ஊரிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இல்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் ஓரளவாவது தெரிந்தவர்கள் 2022 கணக்கெடுப்பில் 2.5 சதவீதம்தான். தனிநாடு கேட்கும் கூட்டங்கள் ஆங்கிலத்திலும் ஸ்காட்ஸ் பேச்சுவழக்கிலும்தான் நடக்கின்றன. மொழியை முன்வைக்காத தேசியவாதத்தைப் புரிந்துகொள்ள எனக்கே சில வருஷம் பிடித்தது. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, லண்டனிலா எடின்பரோவிலா என்பதுதான் இங்கே வழக்கு.

வாசகர், யாழ்ப்பாணம்: நாடு பிரியலாமா என்று மக்களைக் கேட்க லண்டன் எப்படிச் சம்மதித்தது? அந்த 2014 வாக்கெடுப்பில் நீங்களும் ஓட்டுப் போட்டீர்களா அக்கா?

2011 சட்டமன்றத் தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 129இல் 69 இடம் பிடித்தது. வாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொல்லித்தான் ஜெயித்திருந்தார்கள். பிரதமர் கேமரன் தடுத்திருக்கலாம். 'வேண்டாம்' பக்கம்தான் ஜெயிக்கும் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது, மக்கள் தந்த ஆணையை மறுக்க முடியாது என்ற உணர்வும் இருந்தது. 2012 அக்டோபர் 15இல் அவரும், தேசியக் கட்சித் தலைவரும் ஸ்காட்லாந்து முதலமைச்சருமான அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முடிவு எதுவானாலும் இரு தரப்பும் மதிக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒரு துப்பாக்கிக்கும் வேலையில்லாமல் இப்படி ஒரு கேள்வியை மேசைமேல் வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறையும். நீங்கள் எந்த ஊரிலிருந்து இதைக் கேட்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஓட்டுப் போட்டேன். அப்போது என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். காமன்வெல்த் நாட்டவர் சட்டப்படி இங்கே வசித்தால் போதும், ஓட்டு உண்டு. எதிர்வீட்டுத் தாத்தாவின் மகள் இந்த ஊரில் பிறந்தவள், ஆனால் லண்டனில் வேலை பார்த்தாள், அவளுக்கு ஓட்டு இல்லை. "உனக்கு இருக்கு, என் பொண்ணுக்கு இல்லை" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், எனக்குத்தான் பதில் வரவில்லை. பிறப்பைப் பார்க்காமல் வசிப்பதைப் பார்த்தார்கள். அது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அவர் முகம் நினைவிருக்கிறது.

நாங்கள் அப்போது இருந்தது பழைய கல் கட்டிடத்தில், மூன்று மாடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு படிக்கட்டு. முதல் மாடி ஜன்னலில் நீல நிற 'யெஸ்', அதற்கு மேல் மாடியில் 'நோ தேங்க்ஸ்'. படிக்கட்டை முறைவைத்துக் கழுவுவார்கள், அது மட்டும் நிற்கவில்லை. 16 வயதிலேயே ஓட்டு என்பதால் என் மாணவர்கள் பள்ளிச் சீருடையோடு வரிசையில் நின்றார்கள். வகுப்பில் நான் என் பக்கத்தைச் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. செப்டம்பர் 18 அன்று 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வேண்டாம் 55.3, வேண்டும் 44.7. கிளாஸ்கோவில் 'வேண்டும்' ஜெயித்தது. விடிகாலையில் ஃபைஃப் பகுதியின் முடிவு வந்தபோது முழு முடிவும் தெரிந்துவிட்டது. மறுநாள் முதல் வகுப்பில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் 'வேண்டாம்' போட்டவள், கைக்குட்டை கொடுத்தது அவள்தான்.

வங்கி ஊழியர், திருச்சி: 'வேண்டாம்' ஏன் ஜெயித்தது?

முக்கியமாகப் பணம். என்ன நாணயம் என்ற கேள்விக்குச் சால்மண்டிடம் உறுதியான பதில் இல்லை. பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றார். பகிரமாட்டோம் என்று நிதியமைச்சர் ஆஸ்பர்ன் 2014 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். உங்கள் துறை என்பதால் ஒரு விஷயம்: இங்கே மூன்று தனியார் வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிடுகின்றன. அதுவும் பவுண்ட்தான், ஆனால் லண்டன் கடையில் நீட்டினால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள்.

பென்ஷன் பயம் வயதானவர்களுக்கு. எதிர்வீட்டுத் தாத்தா கோவன் கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர். "கடற்படைக் கப்பலை வெளிநாட்டுக்கா கொடுத்துக் கட்டுவான்?" என்பார். இவரைவிட ஸ்காட்டிஷ் உணர்வு உள்ள ஆளை நான் பார்த்ததில்லை, அவர் போட்டது 'வேண்டாம்'. உணர்வு வேறு, ஓட்டு வேறு என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

நானும் 'வேண்டாம்'தான் போட்டேன். பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே நிற்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். அதை நம்பினேன்.

வாசகி, பெங்களூரு: அப்புறம் பிரெக்ஸிட் வந்ததே! ஏன் மறுபடி வாக்கெடுப்பு நடக்கவில்லை?

2016 ஜூனில் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றார்கள். 32 கவுன்சில் பகுதிகளில் ஒன்றுகூட மாறி நிற்கவில்லை. மொத்த யுனைடெட் கிங்டம் கணக்கில் வெளியேறும் தரப்பு ஜெயித்தது, நாங்களும் வெளியேற்றப்பட்டோம். என் ஓட்டுக்கு நான் வைத்திருந்த காரணத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

சால்மண்டுக்குப் பின் முதலமைச்சரான நிக்கோலா ஸ்டர்ஜன் 2017இலும் 2019 கடைசியிலும் மறுபடி வாக்கெடுப்புக்கு அனுமதி கேட்டார், பிரதமர்களாக இருந்த தெரசா மேயும் ஜான்சனும் மறுத்தார்கள். தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு என்று 2014இல் தேசியக் கட்சியே சொன்னதை எடுத்துக் காட்டினார்கள். 2022 நவம்பர் 23இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: லண்டன் சம்மதமில்லாமல் எடின்பரோ சட்டமன்றம் வாக்கெடுப்பு நடத்த முடியாது.

எனக்கு ஆற்றாமை இங்கேதான். வட அயர்லாந்து பிரிய விரும்பினால் எப்போது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அங்கே சமாதானத்துக்காகப் போட்ட 1998 ஒப்பந்தத்தில் வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பான்மை மாறியதாகத் தோன்றினால் கேட்டே ஆக வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. விரும்பிச் சேர்ந்த கூட்டு என்கிறார்கள். கூட்டுக் கடை வைத்தால்கூடப் பிரிவது எப்படி என்று பத்திரத்தில் எழுதுவோமே.

தேசியக் கட்சி மேல் பழி இல்லாமலும் இல்லை. ஆட்சியில் களைத்துப்போனார்கள், தலைவர்கள் மாறினார்கள். 2024 பொதுத்தேர்தலில் 48 இடத்திலிருந்து 9க்கு இறங்கினார்கள். ஆனால் கட்சி சரிந்த அளவுக்குத் தனிநாட்டு ஆதரவு சரியவில்லை. கருத்துக்கணிப்புகளில் அது பாதியை ஒட்டியே நிற்கிறது.

பொறியாளர், ஓசூர்: வடகடல் எண்ணெய் இருக்கிறதே, தனியாகப் பிழைக்க முடியாதா?

1974இல் கவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார அறிஞர், எண்ணெய் வருமானத்தோடு தனி ஸ்காட்லாந்து மிக வசதியான நாடாக இருக்கும் என்று அமைச்சர்களுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கை வெளியே வந்தது 2005இல். இங்கே பலருக்கு இன்னும் ஆறாத புண் அது. ஆனால் அந்தக் காலம் போய்விட்டது தம்பி. 2014 கோடையில் பீப்பாய் 100 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. எண்ணெயை மட்டும் நம்பிப் பிரிந்திருந்தால் முதல் பட்ஜெட்டே திணறியிருக்கும். ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் பாதிக்கு மேல் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான் போகிறது. பிரிந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையில் சுங்கச் சோதனை வரும். பிழைக்க முடியும், டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த அளவு நாடுகள்தான். முதல் பத்து வருஷம் கஷ்டம் என்பதை மறைக்காமல் சொல்லும் தலைவருக்காகக் காத்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் அடுத்த தடவை என் ஓட்டு 'வேண்டும்'.

வாசகர், வேலூர்: அணு ஆயுத நீர்மூழ்கிகள் ஸ்காட்லாந்தில்தானே நிற்கின்றன?

ஆமாம், ஃபாஸ்லேனில். கிளாஸ்கோவிலிருந்து கார் எடுத்தால் ஒரு மணி நேரம். பிரிட்டனின் மொத்த அணு ஆயுத நீர்மூழ்கிகளுக்கும் தளம் அதுதான். அகற்றுவோம் என்கிறது தேசியக் கட்சி. லண்டன் எளிதில் விட்டுக்கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசகி, புதுச்சேரி: குடியேறிய உங்களைப் போன்றவர்களை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்? உங்கள் மகன் தன்னை யார் என்கிறான்?

2023இல் பாகிஸ்தான் வம்சாவளி ஹம்சா யூசஃப் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஆனார். தனிநாடு கேட்கும் கட்சியின் தலைவராகவும் அப்போது அவர்தான் இருந்தார். நிறவெறி இங்கே இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், பேருந்தில் பேச்சு கேட்டிருக்கிறேன். ஆனால் 'ஸ்காட்டிஷ்' என்ற சொல்லுக்குள் நுழைய யாரும் என்னிடம் ரத்தத்தைக் கேட்டதில்லை.

மகன் கேள்விக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். எந்தத் தேசத்தவர் என்று உணர்கிறீர்கள் என்று ஒரு கேள்வி, எத்தனை பெட்டி வேண்டுமானாலும் குறிக்கலாம். என் கணவர் 'பிரிட்டிஷ்' மட்டும் குறித்தார். இங்கே பிறந்த மகன் 'ஸ்காட்டிஷ்' மட்டும். முடிவுகள் வந்தபோது நாடும் எங்கள் வீடு மாதிரியே இருந்தது: 2011 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் ஸ்காட்டிஷ் மட்டும் 62.4 சதவீதத்திலிருந்து 65.5 ஆகக் கூடியது, பிரிட்டிஷ் மட்டும் 8.4இலிருந்து 13.9 ஆனது, இரண்டும் நான் என்றவர்கள் 18.3இலிருந்து 8.2 ஆகக் குறைந்துபோனார்கள்.

நான் 'ஸ்காட்டிஷ்', 'பிரிட்டிஷ்' இரண்டையும் குறித்தேன். கீழே 'மற்றவை' என்ற இடத்தில் இந்தியர் என்று எழுதினேன். மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இடம் இருக்கு, தமிழ்னும் போடு" என்றான். போட்டேன்.