போகும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். அப்பா முருங்கை போட்டிருக்கிறார். கற்பித்தல் பயிற்சிக்காக 16 வாரம் ஒரு பள்ளியில் இருக்க வேண்டும். தோழிகள் பாளையங்கோட்டையிலேயே பள்ளி பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மலையடிவாரத்தில் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு வந்தேன். விடுதியிலேயே எனக்கும் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே படிப்பவர்களில் ஒரு பகுதியினர் அணைகளுக்கு மேலே இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் கால்வாய்ப் பாசன ஊர்களின் பிள்ளைகள். அப்பா குத்தகைக்கு வயல் செய்வார், அம்மா பீடி சுற்றுவார்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். மலையிலிருந்து வந்தவன். ஜூன் மாதம் முழுவதும் இரவில் அழுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும் காரையாறு பஸ்ஸில் ஏறப் போனவனைப் பிடித்து அழைத்துவந்தார்கள். அதன் பிறகு அழுகை நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. "பழகிவிட்டான்" என்று எல்லோருக்கும் நிம்மதி. அவன் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். வகுப்பில் வாயைத் திறந்தால் மற்றப் பையன்கள் சிரிக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டம்ளரின் வெளிப்பக்கத்தில் இருக்கும் வரிகளின் மேல் கரண்டியின் காம்பை மேலும் கீழுமாக உரசிக்கொண்டிருந்தான். சும்மா உரசவில்லை, தாளம் தப்பாமல் உரசினான். சத்தம் போடாதே என்று வார்டன் அதட்டினார். நான் மெதுவாகக் கேட்டேன். தாத்தா கொக்கரை வாசிப்பாராம். பல் வெட்டிய இரும்புக் குழலை ஒரு கம்பியால் உரசிக்கொண்டே, உடம்புக்கு முடியாதவர்களுக்காக இரவெல்லாம் பாடுவாராம். அவன் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றுதான். பேசிக்கொண்டே சாப்பிட்டும் முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து நான் பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடுகிறான். நான் ஊருக்குப் போகும் சனிக்கிழமைகளில் பாதித் தட்டு மிச்சமாகிறது என்று சமையல் அக்கா சொல்கிறார்.

காலாண்டுத் தேர்வோடு என் பயிற்சி முடிகிறது. "நீங்கள் எல்லாம் வருவீர்கள், பாசத்தைக் கொட்டுவீர்கள், போய்விடுவீர்கள். அப்புறம் நாங்கள்தான் பார்க்க வேண்டும். இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்ளுங்கள்" என்கிறார் வார்டன். கல்லூரியில் என் வழிகாட்டிப் பேராசிரியரும் அதையேதான் சொல்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். கன்னடியன் கால்வாய்ப் பக்கத்து ஊர். கார் பருவ நெல் நடவு நேரத்தில் வீட்டுக்குப் போனவளை ஒரு வாரம் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். பத்தாவது போதும் என்கிறாராம் அப்பா. அவள் என் போன் நம்பரைக் கேட்கிறாள். "பொதுத்தேர்வு எழுதும்போது வருவீர்களா அக்கா?" என்று கேட்கிறாள். வருகிறேன் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது.

இரவில் தூக்கம் இல்லை. நான் விலக வேண்டுமா? அவனிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் போய்விடுவது நல்லதா? காட்டில் சந்தோஷமாக இருந்த பிள்ளையைக் கொண்டுவந்து இப்படி அடைத்து வைப்பது சரிதானா என்றும் மனம் கேட்கிறது. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி ஆசிரியை

பதில்

அன்புள்ள மகளுக்கு,

விலகாதீர்கள். ஆனால் போகும் தேதியை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முக்கியமானது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் செய்யும் முறை.

அந்தப் பையனை ஏற்கெனவே ஒரு முறை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெற்றோர் நல்லதை நினைத்துத்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் அவனுக்குத் தெரிந்தது, காலையில் கூட வந்த அப்பா மாலையில் இல்லை என்பதுதான். இப்போது நீங்கள் காரணம் சொல்லாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். ஒரு நாள் காலையில் உங்கள் அறை பூட்டிக் கிடந்தால் அது இரண்டாவது முறை.

ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவரும் அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் 1950-களை ஒட்டிய ஆண்டுகளில், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கியிருந்த சிறு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். முதலில் குழந்தை அழுது அடம்பிடிக்கும். பிறகு சோர்ந்து அடங்கும். கடைசியில் யாரோடும் ஒட்டாமல், எல்லாம் சரியாகிவிட்டதுபோல நடந்துகொள்ளும். இரண்டாவது நிலையில் வரும் அமைதியைத்தான் பெரியவர்கள் 'பழகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டார்கள். பெற்றோரை வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே உள்ளே விட்ட மருத்துவமனைகள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள இந்தக் கவனிப்பும் ஒரு காரணம். 1959-இல் பிரிட்டனில் அரசுக் குழுவே அதைப் பரிந்துரைத்தது. உங்கள் பையன் அந்தக் குழந்தைகளைவிடப் பெரியவன். எல்லாம் அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஜூனில் அழுதவன் ஜூலையில் வாய் திறக்காமல் சோற்றை ஒதுக்கினான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அவன் பழகவில்லை. அடங்கியிருந்தான்.

முதலில் வகுப்பு முழுவதற்கும் சொல்லுங்கள். அங்கே மாட்டியிருக்கும் காலண்டரில் தேர்வு முடியும் நாளைப் பிள்ளைகளையே வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு அவனோடு தனியாகப் பேசுங்கள், நாலு பேர் நடமாடும் வராந்தாவில். "இந்தத் தேதியில் என் பயிற்சி முடிகிறது. நான் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். அது உன்னால் அல்ல. அதுவரை தினமும் இரவு உன் பக்கத்தில் உட்காருவேன்; உட்கார முடியாத நாளை முன்பே சொல்லிவிடுவேன்." இவ்வளவு போதும். அழக் கூடாது என்று சொல்ல வேண்டாம். மிட்டாயும் வேண்டாம்.

அவன் கோபப்படலாம். இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். தட்டைத் தள்ளிவிடலாம். பயப்படாதீர்கள். விடுதியில் சேர்ந்த அன்று யாரிடமும் காட்ட முடியாத கோபத்தை இன்று உங்களிடம் காட்டுகிறான். அந்த இரண்டு நாளும் நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சமையல் அக்காவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி மிகவும் பிடித்தது. பாதித் தட்டு மிச்சம் என்று கவனித்துச் சொல்பவர் அவர். அக்டோபரிலும் அங்கே இருப்பார். சில நாள் அவரையும் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். அவன் குடியிருப்பிலிருந்து வந்த மூத்த மாணவர்கள் இருந்தால் அவர்களையும் அதே வரிசைக்கு அழையுங்கள். செப்டம்பர் நடுவில் ஓர் இரவு அவனிடம் சொல்லிவிட்டு, அவர்களோடு விட்டுவிட்டு நீங்கள் வேறு வரிசைக்குப் போங்கள்.

வார்டன் மேல் வருத்தம் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிக்கு வந்தவர்கள் போன பிறகு அழும் பிள்ளைகளைத் தேற்றுவது அவர்தான். அவர் பயம் நியாயமானது. இந்தத் திட்டத்தை அவரிடம் முதலில் சொல்லி, அவரையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அடுத்து வீட்டுக்குப் போகும் நாள் எது என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா? பஸ் ஏறப் போன பிள்ளைக்கு அந்தத் தேதி தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதையும் அதே காலண்டரில் வட்டமிடுங்கள். இது மனம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. அந்தப் பஸ் போகும் களக்காடு முண்டந்துறைக் காடு 1988 முதல் புலிகள் காப்பகம். யானையும் கரடியும் நடமாடும் பாதையில் ஒரு சிறுவன் தனியாகக் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கீழே இறங்கி வரும் நாள்களில் பள்ளிக்கு வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போக அனுமதி கேளுங்கள்.

சிரிக்கும் பையன்களிடம் நேராகப் பேசுங்கள். அகத்தியமலையின் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் காணி மக்கள் வாழ்கிறார்கள். அவன் வீட்டுப் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று விளக்குங்கள். வகுப்பில் அவன் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தாதீர்கள். தேர்வுத்தாளுக்கான தமிழ் பிறகு வரும். கொக்கரையைப் பற்றிக் கேட்ட ஆர்வத்தில் அவனைப் பள்ளி விழா மேடையில் ஏற்றிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தாத்தா அதை நோயாளிக்காகப் பாடுகிறார். அதை வேடிக்கையாகக் காட்டலாமா என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

அடைத்து வைப்பது சரிதானா என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். நாளை ஆசிரியையான பிறகும் அது உங்களோடு இருக்கட்டும். என் கருத்தைச் சொல்கிறேன்: வீட்டையும் பேச்சையும் இழந்துதான் ஒரு பிள்ளை படிக்க வேண்டும் என்றால் அந்தப் பள்ளி மாற வேண்டும். அதற்காக இன்று அவனைத் திருப்பி அனுப்பச் சொல்ல மாட்டேன். அந்தக் குடியிருப்பிலிருந்து தினமும் நடந்து போய் வரும் தூரத்தில் உயர்நிலைப் பள்ளி இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படி நெருங்கும் பிள்ளைகள் சில சமயம் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு ஒரு ரகசியத்தைச் சொல்வார்கள். அந்த வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழையுங்கள். பாலியல் தொல்லை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். நீங்களும் வீட்டை விட்டு வந்து விடுதி அறையில் தனியாகப் படுத்திருப்பவர்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், பிள்ளைகளைப் பற்றி இல்லாமல் வேறு எதையாவது பேசுங்கள். அப்படியும் இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். அரசின் இலவசச் சேவை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு உங்கள் போன் நம்பரைவிட அப்பாவின் சம்மதம்தான் அவசரம். அவரிடம் தலைமையாசிரியர் பேசட்டும்; நீங்கள் கூட இருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பக்கத்துக் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நாற்றுப் பிடுங்கி நட்ட கை அங்கே போய்ப் படிக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அடுத்த நடவுக்கு அவளை நிறுத்துவதாக இருந்தால் சனி, ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளும்படி கேளுங்கள். குத்தகை விவசாயிக்கு நடவு நாளில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்து பேசினால் அவர் காது கொடுப்பார். உங்கள் அப்பாவும் விவசாயிதானே, உங்களுக்குப் பேசத் தெரியும்.

நம்பரை அவளிடம் கொடுக்க வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அதை அவளிடம் சொல்லுங்கள். பொதுத்தேர்வுக்கு வருவேன் என்றும் சொல்ல வேண்டாம். அப்போது எந்த ஊரில் வேலையில் இருப்பீர்களோ. கடிதம் போடுவேன் என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னால் கட்டாயம் போடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கிடைக்கும்படி எழுதுங்கள். வகுப்புக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, சமையல் அக்காவுக்கும் ஒன்று. எல்லாம் பள்ளி முகவரிக்கே போகட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்