கடல் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவு ஒன்றுக்குப் படகு பேசிப் போய், ஒரு பகல் இருந்து குளித்துவிட்டு வரலாமா? கூட்டிப் போவதாக ஒரு படகுக்காரர் சொல்கிறார்.
– வாசகர், வண்ணார்பேட்டை

தயவுசெய்து போகாதீர்கள். தூத்துக்குடி முதல் மண்டபம் வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வழக்கு. தடைக்கு நல்ல காரணம் உண்டு. தீவைச் சுற்றியுள்ள பவளப்பார்தான் அலையின் வேகத்தைத் தடுக்கிறது. சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டி எடுத்த காலத்தில் தடுப்பு போய், மணல் கரைந்து, தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து வனத்துறையே குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. கடல் நிலவரம் கேட்டுக்கொண்டு அங்கே போங்கள்.

பிள்ளைகளோடும் 66 வயது அத்தையோடும் அந்தமான் ஸ்வராஜ் தீவுக்கு (பழைய ஹேவ்லாக்) போகிறோம். எந்த மாதம் நல்லது? அத்தைக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும்.
– வாசகி, பாளையங்கோட்டை

ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை. பள்ளி லீவு என்று மே கடைசியில் வைக்காதீர்கள். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அந்தமான் கடலையும் கலக்குகிறது. படகை ரத்து செய்துவிடுவார்கள். எந்த மாதமானாலும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவைத் தீவில் கழிக்காமல் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வந்துவிடுங்கள். ஒரு படகு நின்றால் விமானமும் போய்விடும். பலர் ஏமாறுவது இதில்தான்.

காலையில் முதலில் கிளம்பும் படகுக்கு டிக்கெட் எடுங்கள். காற்று பெரும்பாலும் வெயில் ஏறியபின்தான் வலுக்கும். அத்தைக்குக் கீழ்த்தளத்தில் நடுவிலோ சற்றுப் பின்னாலோ இடம் கேளுங்கள். அணியத்தில் (முன்பக்கத்தில்) படகு தூக்கிப் போடும். தொடுவானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். போனையும் புத்தகத்தையும் தொடவே கூடாது. கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரிய, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுவதாகச் சொல்ல, அந்த முரண்தான் குமட்டல்.

வெறும் வயிறும் ஆகாது, பூரிக்கிழங்கும் ஆகாது. ரெண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதானால் படகேற ஒரு மணி நேரம் முன்பே. குமட்ட ஆரம்பித்தபின் விழுங்கினால் மருந்தும் வாந்தியோடு வந்துவிடும். இந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். கண் அழுத்தம் இருப்பவர்களுக்குச் சில ஆகாது என்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுக்குத் துண்டோடு உடன்குடிக் கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொள்வதும் ஓரளவு கேட்கும்.

இன்னொன்று: டிசம்பர், ஜனவரியில் அங்கே சாயங்காலம் 5 மணி வாக்கிலேயே பொழுது அடைந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் நாலரைக்கு ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

பவளம் பார்க்க முகமூடி போட்டால் உள்ளே தண்ணீர் ஏறுகிறதே?
– வாசகர், சங்கரன்கோவில்

மீசை வைத்திருப்பீர்கள்! ரப்பர் விளிம்பு முடிமேல் ஒட்டாது. மூக்குக்குக் கீழே மீசையில் வாசலின் தடவுங்கள்; விளிம்புக்குள் தலைமுடி சிக்காமல் ஒதுக்குங்கள். பட்டையை மாட்டாமல் முகமூடியை முகத்தில் வைத்து மூக்கால் உள்ளிழுங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டி நின்றால் உங்கள் அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள். ஒழுகுகிறது என்று பட்டையை இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும்.

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். களைத்துப்போனால் மல்லாந்து மிதங்கள்; பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிர், மிதித்த இடம் செத்துப்போகும். காலிலும் வெட்டும். வெட்டினால் துகள் போகும்வரை நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள். துகள் தங்கினால் புண் சீக்கிரம் ஆறாது.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை எடுத்து வரலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

கூடாது. செத்த பவளமானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும்.