வானொலிக் குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வீட்டில் கதைகளை வாசித்துப் பதிவுசெய்து இணையத்தில் போட்டுவருகிறேன். இடையிடையே பாடுவதும் உண்டு. என் குரல் மெல்லியது, கீச்சுக்குரல் என்றே சொல்லலாம். எஃப்எம் நிலையங்கள் ஒலியைப் பதப்படுத்தப் பயன்படுத்தும் ப்ராசஸிங் மென்பொருள் ஒன்று விஎஸ்டி ப்ளக்இன்னாகவும், அதாவது பதிவு மென்பொருளுக்குள் பொருத்தும் துணைநிரலாகவும், கிடைப்பதை அறிந்து, அதில் தயாராக இருந்த ஓர் அமைப்பை, ப்ரீசெட்டை, போட்டு என் பதிவை ஓட்டினேன். அசந்துவிட்டேன். எனக்கே என் குரல் அறிவிப்பாளர் குரல்போலக் கேட்டது. ஆனால் தொடர்ந்து கேட்டபோது மூச்சு இரைகிறது, 'ஸ' எல்லாம் மழுங்கியிருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடினால் குரல் தாமதமாக வருகிறது. இசைக்கலவை செய்யும் நண்பர் ஒருவர் "ரேடியோ சாமானை ரெக்கார்டிங்கில் போடவே கூடாது" என்கிறார். உண்மையா? எந்த ப்ரீசெட் நல்லது? அதை, உரத்த ஒலியை அமுக்கும் என் கம்ப்ரஸருக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? உங்கள் கதைகளின் ஒலிவடிவங்கள் வந்திருப்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் நண்பரை முதலில் அனுப்பிவிடுவோம். அவரிடம் எல்ஏ-2ஏ கம்ப்ரஸரின் மென்பொருள் வடிவம் ஏதேனும் ஒன்று கட்டாயம் இருக்கும். குரலுக்கு அதுபோல வராது என்றும் சொல்வார். 1960களில் டெலிட்ரானிக்ஸ் என்ற பெயரில் அதைச் செய்து விற்ற ஜிம் லாரன்ஸ், வானொலியை மனதில் வைத்துத்தான் அதைச் செய்தார். எஃப்எம் ஒலிபரப்புக்காக, கூரிய ஒலிகளைக் கூடுதலாக அமுக்குவதற்கென்றே அதில் ஒரு திருகு உண்டு. பாடகர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது அப்புறம்தான். கருவிக்குச் சாதி கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் கருவிக்கு ஒரு வேலை உண்டு. வானொலி ப்ராசஸரின் வேலை என்ன? ஒலிபரப்பியின் வரம்பைத் தாண்டாமல் காப்பது. எஃப்எம்மில் அலையின் அதிர்வெண் நிலையத்தின் அதிர்வெண்ணிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது. அந்த வரம்புக்குள் எவ்வளவு உரக்க ஒலிக்க முடியுமோ அவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், ஏனென்றால் கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம், ஒரு சொல் காதிலிருந்து நழுவினால் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். அடுத்து வரப்போவது பாட்டா, விளம்பரமா, இருமலா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. சில மில்லி விநாடிகள் முன்கூட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ராபர்ட் ஆர்பன் 1975ல் கொண்டுவந்த ஆப்டிமோட் என்ற ப்ராசஸர் முதல் இன்றைய ஆம்னியா, ஸ்டீரியோ டூல், பிரேக்அவே வரை எல்லாமே இந்த நெருக்கடிக்குப் பிறந்த பிள்ளைகள். அபாரமான மூளைகள் செய்தவை, சந்தேகமில்லை.

உங்கள் 'ஸ' மழுங்கியதும் இதனால்தான். எஃப்எம்மில் இரைச்சலைக் குறைப்பதற்காகக் கூரிய ஒலிகளை ஏற்றி அனுப்புவார்கள், வானொலிப் பெட்டி அதே அளவுக்கு இறக்கிக்கொள்ளும். இதற்கு ப்ரீ-எம்பசிஸ் என்று பெயர். எவ்வளவு ஏற்றுவது என்பதை மைக்ரோ விநாடியில் குறிப்பார்கள்: உலகின் பெரும்பகுதியில் 50, அமெரிக்காவில் 75. ஐம்பது என்று வைத்தாலே 15 கிலோஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபல் ஏறிவிடும். அப்படி ஏறிய 'ஸ' வரம்பில் போய் முட்டும், ப்ராசஸர் அதன் தலையில் குட்டும். ஒலிபரப்பிக்கு அது நியாயம். உங்களிடம் ஒலிபரப்பி எங்கே இருக்கிறது? கோப்பாகச் சேமிக்கப்போகும் குரலுக்கு ப்ரீ-எம்பசிஸையும், ஒலிபரப்பிக்காக இடது வலது ஒலிகளைக் கோக்கும் ஸ்டீரியோ கோடரையும், வரம்பைத் தாண்டும் அலையின் உச்சியை வெட்டும் கடைசி கிளிப்பரையும் அணைத்துவிடுங்கள். பாதி நோய் அங்கேயே தீரும். மூச்சு இரைவது ஏஜிசியின், அதாவது ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் பகுதியின், வேலை. நீங்கள் வாயை மூடியதும் 'ஐயோ, ஒலி குறைந்துவிட்டதே' என்று அது ஏற்றத் தொடங்குகிறது. சிபிஎஸ் ஆய்வகத்தின் ஆடிமேக்ஸ் என்ற கருவி 1960களிலேயே இதற்கு மருந்து கண்டது: பேச்சு நின்றதும் இருந்த அளவிலேயே உறைந்து நிற்கும். உங்கள் மென்பொருளிலும் கேட் என்ற பெயரில் அது இருக்கும், தேடுங்கள்.

சரி, இதெல்லாம் கையேட்டிலேயே இருப்பவை. உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்த இடம் வேறு. 'அசந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அது.

என் கதை ஒன்றை முன்பு ஒலிவடிவமாக்கினார்கள். சாகக் கிடக்கும் அண்ணன், பல வருடம் பேசாதிருந்த தம்பியிடம் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சொல்வார்: "கதவைச் சாத்திட்டுப் போ." வாசித்தவர் அருமையான நடிகர். அந்த வரியை வெறும் மூச்சாகச் சொன்னார். பதிவறையில் இருந்த எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தோம். கோப்பு தயாராகிக் கைக்கு வந்தபோது, அதற்கு நாலு பக்கம் முன்னால் தெருவில் நின்று தம்பி போடும் கூச்சலும் இந்த மூச்சும் ஒரே உயரத்தில் இருந்தன. சாகிறவர் அறிவிப்பு செய்கிறார்! ஒலிக்கோப்பைத் தயாரித்த இளைஞரிடம் கேட்டேன். அவர் பெருமையோடு திரையைக் காட்டி, "லெவல் எவ்வளவு சீரா இருக்கு பாருங்க சார்" என்றார். இருந்தது, செங்கல் மாதிரி சீராக. நான் கத்தியிருப்பேன், ஆனால் அவர் பாவம், சம்பளத்துக்கு வேலைசெய்கிறவர். அந்த வடிவத்தைத்தான் போன வாரம் மறுபடி கேட்டேன். இன்னும் கோபம் வருகிறது.

முணுமுணுப்பு என்பது குறைந்த சத்தமுள்ள பேச்சு என்று மீட்டர் நினைக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் அதை 15 டெசிபல் தூக்கினால் என்ன ஆகும்? பேச்சு மட்டுமா ஏறும்? அறையின் முழக்கம் ஏறும், நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும் ஒலி ஏறும், காற்றாடியின் ஓசை ஏறும். கேட்பவரின் காது ஏமாறாது. குரல்நாண் அதிராமல் வரும் மூச்சுக்கு இவ்வளவு உயரம் வாழ்க்கையில் எங்கும் கிடையாது என்று அதற்குத் தெரியும். அதைவிட மோசம், அதற்கு முன்னால் வந்த கூச்சல் செத்துவிடுகிறது. கூச்சல் கூச்சலாக இருப்பது அடுத்து ஒன்று தாழ்வதால்தானே? இரண்டையும் சமமாக்கியபின் மிஞ்சுவது தகவல். அண்ணன் கதவைச் சாத்தச் சொன்னார் என்ற தகவல்.

அதே நடிகரை வேறொரு முறை பதிவுசெய்த மூத்த ஒலிப்பதிவாளர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பிரதியை வாங்கி ஒருமுறை வாசித்து, குரல் எங்கே தாழும் எங்கே எழும் என்று பென்சிலால் கோடு போட்டுவைத்தார். பதிவின்போது அவர் விரல் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் இருந்தது. தாழப்போகும் வரிக்கு அரை நொடி முன்பே விரல் மெல்ல ஏறும். நாலைந்து டெசிபல் இருக்கும், அதற்கு மேல் இல்லை. சொல் காதில் விழும், ஆனாலும் அது முணுமுணுப்பாகவே இருக்கும். எந்த ப்ராசஸராலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அது கதையைப் படித்ததில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்கள். முடிந்த பதிவு உங்கள் கையில் இருக்கிறது, அடுத்த சொல் என்னவென்று தெரியும், நாளெல்லாம் நேரம் இருக்கிறது. வானொலிக்கு வாய்க்காத இத்தனை வசதிகளையும் வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்கென்று செய்த இயந்திரத்திடம் வேலையைக் கொடுக்கிறீர்கள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லாமல் வேறென்ன சொல்ல? உங்கள் பதிவு மென்பொருளில் ஒலியளவின் ஏற்ற இறக்கத்தை வரையும் வால்யூம் ஆட்டோமேஷன் கோடு இருக்கும். வரி வரியாக வரையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

உரக்க ஒலித்து என்ன பயன் என்பதையும் யோசியுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010ல் ஆர்128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தபின் தொலைக்காட்சிகூட உச்சத்தை விட்டுவிட்டுச் சராசரி உரப்பை அளக்கத் தொடங்கியது, இலக்கு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (உரப்பின் அலகு). பாட்டுத் தளங்கள் பலவும் மைனஸ் 14ஐ ஒட்டி வைத்துக்கொள்கின்றன. நீங்கள் நசுக்கி ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கல் மட்டும் உங்களுக்கு மிஞ்சும். நாளைக்கு உண்மையான வானொலி ஒன்று உங்கள் பாட்டைப் போட்டால் அவர்களின் ப்ராசஸர் மறுபடியும் மெல்லும். ஏற்கெனவே கிளிப் செய்த பதிவு வானொலியில் அதிக உரப்பாகக் கேட்காது, அதிகமாகச் சிதைந்துதான் கேட்கும் என்று 2001ல் எழுதியவர்கள் யார் தெரியுமா? இதே ராபர்ட் ஆர்பனும், ஆம்னியாவை உருவாக்கிய ஃபிராங்க் ஃபோட்டியும்.

இப்போது உங்கள் கீச்சுக்குரலுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு பதிவுகளையும் கேட்டேன். பதப்படுத்தாததில் ஒரு பாட்டி பேசும் இடம் இருக்கிறது, "வந்துட்டியா" என்று நீங்கள் அதைச் சொன்னவிதத்தில் கண் நிறைந்துவிட்டது. பதப்படுத்தியதில் அந்தப் பாட்டி இல்லை, ஒரு அறிவிப்பாளர் இருக்கிறார். குரலைக் கீழ்ச்சுரம் முதல் மேல்சுரம் வரை ஐந்து பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரப்பும்போது எல்லாக் குரலும் ஒரே உடம்பை வாங்கிக்கொள்ளும். அந்த உடம்பு பிடித்துப்போனதால்தான் அசந்தீர்கள். பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் ரசிக்காதீர்கள் அம்மா. குரலுக்குக் கனம் வேண்டுமானால் மைக்கை நெருங்குங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் என்றால் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரங்கள் தானாகத் தடிக்கும். ஒரு சாணிலிருந்து அரைச் சாணுக்கு வந்தாலே மொத்த ஒலியளவிலும் சுமார் 6 டெசிபல் கிடைக்கும். முணுமுணுக்கும்போது நெருங்கி, கத்தும்போது விலகி, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வாசித்துப் பழகினால் ஏஜிசிக்கு வேலையே இருக்காது.

ப்ரீசெட் கேட்டீர்கள் இல்லையா? எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அந்த மென்பொருள்களில் நான் பரிந்துரைப்பது, வெட்டுப்பட்ட அலையுச்சியைத் திரும்ப வரைந்துதரும் டீக்ளிப்பரை. தவறி உச்சத்தில் முட்டிய நல்ல டேக் ஒன்றை அது பிழைக்கவைக்கும். அதைச் சங்கிலியில் எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள், முட்டிய அலை மற்ற எதிலும் நுழைவதற்கு முன்பு. அலையின் மேடு பள்ளங்களைச் சமன்செய்ய அதை இடம்நகர்த்தும் ஃபேஸ் ரொட்டேட்டர் தேவையில்லை, பதப்படுத்தாத குரலோடு அதைக் கலந்தால் ஒன்றையொன்று தின்னும். முன்னால் பின்னால் என்ற கேள்விக்கு: டீக்ளிப்பர் போட்டால் அதற்கு அடுத்து கையால் சரிசெய்வது, உங்கள் கம்ப்ரஸர் அதற்கப்புறம், மிஞ்சினால் உச்சத்தைத் தாண்டவிடாத லேசான லிமிட்டர் கடைசியில். தாமதத்துக்கு முக்கியக் காரணம் அந்த மென்பொருள் முன்கூட்டிப் பார்ப்பதுதான், அதை முழுக்க ஒழிக்க முடியாது. பாடும்போது அதன் வழியாகக் கேட்காமல் மைக்கிலிருந்து நேராகக் கேளுங்கள்.